அத்தானின் மடக்குக் கத்தி

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, கத்தியை இடது முன்கையில் படுக்க வைத்து மெதுவாக மேல்நோக்கி இழுக்கிறார் என் அத்தான். முடி உதிர்கிறது. உதிர்ந்ததை ஊதிவிட்டு, "பாத்தியா, வெண்ணெய் மாதிரி" என்கிறார். முடி எப்படி வெண்ணெய் மாதிரி ஆகும் என்று நான் கேட்பதில்லை. ஒரே இடத்தில் சோதித்துச் சோதித்து, அந்தக் கையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருக்கிறது. தலையில் வழுக்கை விழுந்த காலத்தில் ஊரில் உள்ள எண்ணெயையெல்லாம் வாங்கித் தடவியவர், கையில் விழுந்ததை மட்டும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முன்னால் கண்ணாடிப் பெட்டிகளும், பில் போடும் மேஜையும், அந்த மேஜையில் அக்காவும். பின்னால் ஓர் இருட்டறை. அங்கேதான் அத்தானின் ராஜ்ஜியம். வந்தவர் மூக்கில் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, வட்ட வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பதுதான் அவர் தொழில். பாவம், எதிரே இருப்பவர் கொஞ்சம் தயங்கிவிட்டால் போதும், அத்தானின் குரல் ஏறிவிடும். "ரெண்டுல ஒண்ணு சொல்லணும் சார். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இப்படி அவசரப்படுத்துகிறவர், தனக்கென்று ஒரு மடக்குக் கத்தி தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட காலத்துக்குள், கடைக்கு எதிரே காலிமனையாக இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் எழும்பி, வெள்ளையடித்து, ஆட்கள் குடிவந்து, அவர்களில் இரண்டு பேர் இவரிடமே கண்ணாடியும் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாம் ஒரு வீடியோவில் தொடங்கியது. காட்டுக்குள் ஒரு தாடிக்காரர். கையில் ஒரே ஒரு கத்தி. அதை வைத்து அவர் சுள்ளி சீவினார், தீ மூட்டினார், மீனை நறுக்கினார், கூடாரம் அடித்தார். கல்யாணம் ஒன்றுதான் பாக்கி. அத்தான் அதை வாய் பிளந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"காட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்னு வை. உன்கிட்ட என்ன இருக்கு?"

"போன் இருக்கு."

"சார்ஜ் தீந்துடுச்சு."

"நான் ஏன் அத்தான் காட்டுக்குப் போகணும்?"

"கேம்பிங்" என்றார், எனக்காக வருத்தப்படுகிற குரலில்.

வெளியூரில் ஓர் இரவு தங்க நேர்ந்தாலும் தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்படுகிறவர் அவர். அடுத்தவர் வீட்டுக் கழிப்பறைத் தாழ்ப்பாள் சரியில்லை என்று சொந்தத் தங்கை வீட்டிலிருந்தே பாதிநாளில் திரும்பி வந்திருக்கிறார். அவருக்குத்தான் கேம்பிங்.

தேடல் ஆரம்பமாயிற்று. அத்தானின் பேச்சில் புதுச் சொற்கள் புகுந்தன. முதலில் எஃகு. "கார்பன் ஜாஸ்தின்னா கூர் நிக்கும், ஆனா துரு பிடிக்கும். கம்மின்னா துரு பிடிக்காது, கூர் நிக்காது. கெட்டியா இருந்தா விளிம்பு பிசிறு விட்டுரும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, ஆனா அவங்க போடுற பிடி எனக்குச் சரிப்படல." பிறகு பூட்டு. விரித்த கத்தி தானாக மடங்காமல் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்குப் பெயர் பூட்டு. அதிலே பல சாதி உண்டாம். "பூட்டு மட்டும் லூசா இருந்துச்சுன்னு வை, குத்துற நேரத்துல மடங்கி நம்ம விரலையே எடுத்துடும்."

"யாரைக் குத்தப் போறீங்க?" என்று மேஜையிலிருந்து அக்கா கேட்டாள்.

"மரத்தை."

"மரம் என்ன பண்ணிச்சு உங்களை?"

விஷயம் தெரியாதவர்களோடு வாதம் செய்வதில்லை என்பது அத்தானின் கொள்கை. ஒரே ஒரு முறைதான் கோபப்பட்டார். அக்கா அதைப் பேனாக்கத்தி என்று சொல்லிவிட்டாள். "பேனாக்கத்தின்னு சொல்லாத. அது பென்சில் சீவுறதுக்கு" என்று எழுந்து நின்றுவிட்டார். "சரி, உங்க பட்டாக்கத்தி" என்று அவள் பில்லைக் கிழித்து எதிரே நின்றவரிடம் நீட்டினாள்.

ஒவ்வொன்றாக வாங்கி ஒவ்வொன்றாகக் கழித்தார். ஒன்றில், பையோரத்தில் மாட்டுகிற கொக்கி கால்சட்டைப் பையையே கிழித்தது. இன்னொன்று கனம், அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கியது, அவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடியே வியாபாரம் செய்தார். மூன்றாவதை விரிக்கப்போய் கட்டைவிரல் நகம் பிளந்தது. நான்காவதில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் கழித்தார். "சத்தம் சரியில்ல" என்றார். விரியும்போது வருகிற டக்கில் ஓர் உறுதி வேண்டுமாம். அவர் கழித்ததில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் நான் அட்டைப்பெட்டி கிழிக்கிறேன், கயிறு அறுக்கிறேன், மாம்பழம் நறுக்குகிறேன். தன் எஃகு எந்த வகை என்று அது ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இந்த மனுஷன் ஒரே ஒரு தடவைதான் என்னைப் பாத்தாரு" என்றாள் அக்கா. "அன்னிக்கும் பாதி நேரம் சீலிங் ஃபேனைத்தான் பாத்துட்டு இருந்தாரு. இதுக்கு மட்டும் இம்புட்டு யோசனை."

கூட்டாளிகளும் கிடைத்தார்கள். போனில் ஒரு குழு. தினமும் காலையில் கிளம்பும் முன், தத்தம் பையில் என்னென்ன இருக்கிறது என்று மேஜையில் பரப்பிப் படம் எடுத்துப் போட வேண்டும். அத்தான் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, ஒரு மரப்பலகை வைத்து, அதன் மேல் கத்தி, சின்ன டார்ச், சாவிக்கொத்து, கைக்குட்டை, பேனா என்று வரிசையாக அடுக்குவார். பேனா கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் கத்தியின் அலகில் விழ வேண்டும். அதுவரை அக்கா தட்டை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். படம் போனதும் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள், இவரைப் போலவே மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அத்தானுக்கு அன்றைய பொழுது விடிந்துவிடும்.

இத்தனை கத்தி வாங்கியவர் எதையாவது வெட்டினாரா என்றால், இல்லை. வெட்டினால் கூர் போய்விடும். புதுக் கத்தி ஒன்று கடைக்குப் பார்சலில் வந்த நாள் நான் அங்கே இருந்தேன். பெட்டி முழுக்கப் பிசின் டேப். பழைய கத்தி அவர் பையில் இருந்தது. "அதை எடுங்களேன்" என்றேன். "பிசின் ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் சாவியால் குத்திப் பார்த்தார், பல்லால் இழுத்தார், கடைசியில் அக்காவின் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார்.

கேம்பிங்கும் நடந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் அணைக்கரைக்கு ஒரு விடுமுறை நாளில் மூவரும் போனோம். கூடாரத்தை அடித்தோம், அதாவது நானும் அக்காவும் அடித்தோம். அத்தான் ஒரு பாறையில் அமர்ந்து, கிடைத்த குச்சி ஒன்றைக் கூராகச் சீவிக்கொண்டிருந்தார். "எதுக்குங்க அது?" என்று அக்கா கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்து, "சும்மா" என்றார். கூடாரக் கயிறு நீளமாகக் கிடந்து காலைத் தடுக்கியது. வெட்டிவிடச் சொன்னாள். "நைலான். நைலான்ல கத்தி வெக்கக் கூடாது" என்று அவர் அதைச் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டார். இருட்டுவதற்கு முன்பே கொசு வந்தது. கூடாரத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். குச்சி சீவியதில் கூர் மழுங்கிப்போனது என்று அந்த வாரம் முழுக்க யாரோடும் பேசாமல் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டைக் கண்ட ஒரே நாள் அது.

கடைசியில் இரண்டே இரண்டு மிஞ்சின. ஒன்று கறுப்புப் பிடி. இன்னொன்று மரப்பிடி. கறுப்பு உறுதியானது, ஆனால் ஈரக் கையில் வழுக்கலாம். மரம் கைக்கு இதமானது, ஆனால் ஈரத்தில் ஊறலாம். கறுப்பை வலது பையிலும் மரத்தை இடது பையிலும் போட்டுக்கொண்டு, இரண்டு பையிலும் முட்டை இருப்பதுபோல் நடந்தார். கண் பார்க்க வந்தவர்களிடம்கூட, சட்டம் மாட்டிய முகத்தோடு அவர்கள் ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார்: "ஒரே ஒரு கத்திதான் எடுத்துட்டுப் போலாம்னா, நீங்க எதை எடுப்பீங்க?" ஓர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், "எங்கே போறதுக்கு?" என்று நியாயமாகக் கேட்டார். அத்தான் அடுத்த வில்லையைச் செருகினார்.

அந்தக் காலத்தில்தான் அது நடந்தது.

நான் என் கண்ணாடியை மாற்றப் போயிருந்தேன். இருட்டறையில் சட்டம் மாட்டி, ஒரு கண்ணை மூடி, கீழ்வரிசை எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு ஸ்கூட்டர் இழுபடுகிற சத்தம். தொடர்ந்து ஓர் அலறல், பாதியில் யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றுபோனது. அத்தான் வில்லையைப் போட்டுவிட்டு ஓடினார். அதை நான் மறைக்க மாட்டேன். முதலில் ஓடியவர் அவர்தான். நான் சட்டத்தைக் கழற்றி, வாசலுக்கு வந்து, கண்ணைக் கசக்கிப் பார்த்தேன்.

நாலு கடை தள்ளி இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண். அவள் கழுத்தில் சுற்றியிருந்த ஷாலின் நுனி, அவள் ஓட்டி வந்த ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் சிக்கிச் சுருண்டுவிட்டது. வண்டி எங்கள் வாசலில் சுவரில் முட்டி நின்றிருந்தது. அவள் பின்பக்கமாக வளைந்து, முகம் வானத்தைப் பார்க்க, இரண்டு கையாலும் கழுத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவளிடமிருந்து ஓர் அடி தூரத்தில் அத்தான் நின்றார். வலது கையில் கறுப்பு. இடது கையில் மரம். இரண்டும் மடங்கியபடி.

இரண்டு பைக்குள்ளும் ஒரே நேரத்தில் கையை விட்டிருக்கிறார். இப்போது ஒன்றைப் பிரிக்க இன்னொரு கை இல்லை. ஒற்றைக் கையால் விரிக்கிற கத்திகள்தான் இரண்டும். டிவி முன்னால் உட்கார்ந்து டக் டக் என்று ஆயிரம் தடவை விரித்தவைதான். இப்போது கட்டைவிரல் பிடியின் மேல் வழுக்கி வழுக்கி ஓடியது. வலதைப் பார்த்தார். இடதைப் பார்த்தார். மறுபடி வலதைப் பார்த்தார்.

என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு அக்கா போனாள். அத்தானைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. முதலில் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். "சாஞ்சுக்கோ, என்மேல சாஞ்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே தன் தோளைக் கொடுத்து அந்தப் பெண்ணைத் தாங்கி, காலால் சுவரை உதைத்து வண்டியைப் பின்னால் தள்ளினாள். சக்கரம் திரும்பிச் சுற்றியது. சுருண்ட துணி ஒரு சாண் இளகியது. துணிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்து, இழுத்து, வளையத்தைப் பெரிதாக்கி, தலை வழியாக உருவி எடுத்துவிட்டாள். அந்தப் பெண் தரையில் சரிந்து உட்கார்ந்து இருமினாள். அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள்.

அப்போது டக் என்றது.

கறுப்பு விரிந்துவிட்டது. அத்தான் குனிந்து, சக்கரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஷாலை ஒரே இழுப்பில் அறுத்தார். நல்ல கத்திதான். அதில் சந்தேகமில்லை. தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்த நேரமும் அதுதான். அவர்கள் கண்டது இதை: தரையில் உயிரோடு ஒரு பெண், அறுந்த துணி, விரிந்த கத்தியோடு ஒரு மனிதர். வேறு என்ன நினைப்பார்கள்? "கண்ணாடிக்காரர் இல்லன்னா போயிருக்கும்" என்றார் ஒருவர். "கையில கத்தி வெச்சிருந்தாரே, அதைச் சொல்லு" என்றார் இன்னொருவர். அக்கா தண்ணீரோடு வெளியே வந்தபோது, வழிவிடச் சொல்லிக் கூட்டத்தைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று மறுபடி எனக்குக் கண் பார்க்க உட்கார்ந்த அத்தான், வில்லையைச் சட்டத்தில் செருக முடியாமல் இரண்டு முறை கீழே போட்டார். பிறகு, இருட்டில், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மாப்ளே, நான்தானே வெட்டினேன்?"

"ஆமா அத்தான், நீங்கதான் வெட்டினீங்க" என்றேன். வெட்டியது அவர்தானே?

அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் காலை மரப்பலகையில் கறுப்புக் கத்தி தனியாகக் கிடந்தது. அதன் அடியில் அறுந்த ஷால் துண்டு, துவைத்து இஸ்திரி போட்டு. "நேற்று இது ஒரு உயிரின் அருகில் இருந்தது" என்று எழுதிப் படத்தைப் போட்டார். குழு கொந்தளித்துவிட்டது. எந்த எஃகு, எந்தப் பூட்டு என்று கேள்வி மேல் கேள்வி. கடைக்கு வந்தவர்கள் கேட்டபோதும் அத்தான் பொய் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர். "நான் என்னங்க பண்ணேன்? நேரத்துக்குக் கத்தி கையில இருந்துச்சு, அவ்ளோதான்" என்று தலையைக் குனிந்துகொள்வார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. எத்தனை கத்தி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவர் சாப்பிடப் போயிருந்தபோது அக்காவிடம் கேட்டேன். "நீ ஏன் வாயே திறக்கல? காப்பாத்தினது நீ."

கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அதான் அந்தப் பொண்ணு நல்லாயிருக்கால்ல?"

"அதுக்கு இல்லக்கா. அவர் பேசுறதைக் கேட்டியா?"

"கேட்டேன். நேத்து இன்னொண்ணும் சொன்னாரு, அதைக் கேட்டியா நீ? இதுதான் அவரோட கத்தியாம். உயிரைக் காத்த கத்தியை விட்டுட்டு இனி வேற எதையும் தேட மாட்டாராம்." கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அந்த மரப்பிடியைக்கூட வித்துட்டாரு. படமும் எடுக்கறதில்ல, காலையில மேஜை காலியா இருக்கு, நானும் உக்காந்து சாப்பிடுறேன். நீ போய் உண்மையைச் சொல்லி, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சு வெக்காத. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அந்த வார இறுதியில் பெண்ணின் அப்பா வந்தார். பஸ் ஓட்டுநர், சீருடையோடு, இரண்டு டிரிப்புக்கு நடுவே வந்திருந்தார். கூடவே மகளும். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இன்னும் மிச்சம் இருந்தது. குரல் கம்மியிருந்தது. ஒரு பெட்டி நிறையப் பழம் வாங்கி வந்திருந்தார் அந்த மனிதர். அத்தானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒரே பொண்ணுங்க. உங்களுக்கு என்ன செய்யறதுன்னே தெரியல."

"பரவால்ல, பரவால்ல. யாரா இருந்தாலும் செஞ்சிருப்பாங்க" என்றார் அத்தான்.

"சாருக்கு நன்றி சொல்லும்மா."

அந்தப் பெண் அத்தானைப் பார்க்கவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த அக்காவைப் பார்த்தாள். தன் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே நுழைந்த விரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? உதடு பிரிந்தது. அக்கா கண்ணால் வேண்டாம் என்றாள். பெண் அத்தான் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் சார்" என்றாள், பில்லுக்குப் பணம் கொடுப்பவள் போல.

அத்தானுக்கு அது போதவில்லை என்று தோன்றியது. கத்தியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்து, எடை பார்க்கச் சொன்னார். பூட்டை விளக்கினார். எஃகைப் பற்றித் தொடங்கி, பிடிக்கு வந்து, கொக்கியில் நின்றார். இதேபோல் மகளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். "ஆனா அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. நான் பாத்துச் சொல்றேன்." ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் பக்தியோடு தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் காலே சொல்லிக்கொண்டிருந்தது. கிளம்பும் முன் கூச்சத்தோடு கேட்டார்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமாங்க? வீட்ல காட்டணும். அம்மாவும் வாங்க, எல்லாரும் நில்லுங்க."

அக்கா மேஜையைச் சுற்றி வந்து பெண்ணின் அருகில் நின்றாள். அவள் கையைப் பெண் பிடித்துக்கொண்டாள். அத்தான் வயிற்றை உள்ளே இழுத்து, கத்தியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு முழங்கையால் அக்காவை மெல்ல ஒதுக்கினார். "நீ கொஞ்சம் தள்ளிக்கோ. அலகுல வெளிச்சம் விழல."

அக்கா தள்ளிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் போய், ஓட்டுநரின் கையிலிருந்து போனை வாங்கி, "எல்லாரும் இங்க பாருங்க" என்றாள்.